அம்மா கேட்ட சத்தம்

எங்கள் தெருவில் சேவலுக்கு முன்னால் எங்கள் லாரிதான் எழுந்துகொள்ளும். எழுந்துகொள்ளும் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் அது குளிர்க்காய்ச்சல் கண்டவன் மாதிரி உடம்பை உதறும். முன்விளக்குகள் கிடுகிடுவென்று ஆடும். கதவுகள் தடதடக்கும். பின்னால் தொங்கும் சங்கிலி பலகையில் மோதி மோதி அடிக்கும். கொஞ்ச நேரம் போனால் எல்லாம் அடங்கி, இவ்வளவு நேரம் ஆடியது வேறு யாரோ என்பதுபோல ஒரே சீராக உறுமிக்கொண்டு நிற்கும். அதற்குள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் விழித்திருப்பார்கள்.

சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். காற்றே உப்பாக வீசும். நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய லாரி ஒன்றை மதுரையில் ஏலத்தில் எடுத்துப் பெரியப்பாவும் அய்யாவும் ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். லாரி பெரியப்பா பெயரில் இருந்தது. ஓட்டுவது அய்யா. உப்பளத்து உப்பையும் பனங்காட்டுக் கருப்பட்டியையும் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம், பரமக்குடி என்று போய்வரும். அதுவரை மாட்டுவண்டி மட்டுமே சொந்தமாக வைத்திருந்த ஊரில் அந்த லாரி வந்து நின்றபோது, அதற்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். பெண்டுகள் யாரும் லாரியைத் தொடக்கூடாது என்று பெரியப்பா அன்றே ஒரு சட்டம் போட்டுவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பா போடும் சட்டங்களுக்கு ஏன் என்ற கேள்வி கிடையாது.

அய்யா சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பர்மா எல்லையில், மலைப்பாதையில், முன்விளக்கு போடாமல் ஓட்டியிருக்கிறார். அங்கே ஒரு நாள் பக்கத்திலேயே பீரங்கிக் குண்டு விழுந்து வெடித்தது. உயிர் பிழைத்தார், கை கால் பிழைத்தன, காது பிழைக்கவில்லை. ஒரு காது முற்றிலும் போய்விட்டது. இன்னொன்றில் கனத்த சத்தங்கள் மட்டும் கொஞ்சம் விழும்.

இதை இன்று நான் நாலு வரியில் எழுதிவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் இந்த வரிகளை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அய்யாவிடம் பேச வேண்டுமென்றால் அவர் கையைத் தொட வேண்டும். அவர் திரும்பி முகத்தைப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். எல்லா வீட்டு அய்யாக்களிடமும் அப்படித்தான் பேசுவார்கள் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உதடு அசைவதைப் பார்த்தே அவருக்குப் பேச்சு பிடிபட்டுவிடும். கூப்பிட்டதும் திரும்பாமல் போனால், பட்டாளத்துக்காரனுக்குத் தலைக்கனம் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அம்மா அதை மறுத்ததில்லை. புருஷனுக்குத் தலைக்கனம் என்று பேர் இருந்தால் அவளுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. வேறு பேர் வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

கூடப்பிறந்த பெரியப்பாவுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கலாம். பெரியப்பா சாதாரணமாகப் பேசினாலே உப்பளத்தின் அந்தக் கரையில் வேலை செய்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தக் குரலில் பாதி அய்யாவுக்குக் கேட்கும். மீதியை உதட்டில் படித்துக்கொள்வார். லாரியின் இரண்டு பக்கமும் அகலமான கண்ணாடிகளை அய்யா பொருத்தியிருந்தார். பின்னால் வருகிற பஸ்ஸின் ஹாரன் கேட்காதவருக்கு அதுதான் காது. ஊரில் அதைப் பட்டாளத்து ஸ்டைல் என்று மெச்சிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மார்கழியில்தான் லாரிக்கு இந்த நடுக்கம் வந்தது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடித்ததும் உதற ஆரம்பித்துவிடும். சூடேறினால் உதறல் நின்றுவிடும். பகலில் எத்தனை தடவை நிறுத்தி எடுத்தாலும் ஒன்றும் இருக்காது. மறுநாள் விடிகாலை மறுபடியும் அதே ஆட்டம்.

அய்யா அதை அவசரப்படாமல் தேடினார். பின்னாளில் அவரே எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னதால்தான் இப்போது என்னால் எழுத முடிகிறது. முதலில் பனியைச் சந்தேகப்பட்டார். எங்கள் ஊர்ப் பனியில் உப்பு உண்டு. ராத்திரியில் அது பிளக் ஒயர்களின் மேல் படிந்தால் மின்சாரம் வழிதவறிப் போகும். ஆகவே படுக்கும்முன் இஞ்சின்மேல் சாக்கைப் போட்டு மூடினார். விடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு ஒயராகத் துடைத்தார். உதறல் நிற்கவில்லை. அடுத்து பெட்ரோல். டாங்கில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று வடித்து, அம்மாவின் பழைய சேலைத் துணியில் வடிகட்டி ஊற்றினார். அதற்கும் நிற்கவில்லை.

பிறகு ஒருநாள், இஞ்சின் உதறிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பிளக்கின் ஒயரையும் ரப்பர்த் துண்டால் பிடித்துக் கழற்றி மாட்டினார். நல்ல பிளக்கின் ஒயரைக் கழற்றினால் உதறல் இன்னும் கூடும். ஏற்கெனவே வேலை செய்யாததைக் கழற்றினால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு கையால் கழற்றிக்கொண்டு மறு உள்ளங்கையை இஞ்சின்மேல் வைத்து அதைக் கவனித்தார். கடைசியில் இருந்த இரண்டும்தான் சும்மா இருந்தன. சரி, பிளக்தான் கெட்டுவிட்டது என்று முன்னால் இருந்த நல்ல பிளக்குகளைப் பின்னாலும் பின்னால் இருந்தவற்றை முன்னாலும் மாற்றிப் போட்டார். மறுநாளும் அந்தக் கடைசி இரண்டு இடமேதான் சும்மா இருந்தது. ஆக, கோளாறு பிளக்கில் இல்லை, அந்த இடத்தில் இருக்கிறது என்பது வரைக்கும் அய்யா வந்துவிட்டார். அதற்குமேல் வழி அடைத்துக்கொண்டது.

பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ராமநாதபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். நல்ல வேலைக்காரர்தான். ஆனால் அவர் வந்த பஸ் எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது உச்சி வெயில். லாரி அன்று காலையே உப்பளத்துக்குப் போய்வந்து, அனலாகக் கொதித்துக்கொண்டு நின்றது. எடுத்துப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. பெரியப்பா விடிகாலை உதறலைத் தம் உடம்பாலேயே நடித்துக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு மெக்கானிக் உள்ளே வால்வு போயிருக்கும், இஞ்சினைக் கீழே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

தை பிறந்திருந்தது. உப்பளப் பாத்திகளில் தண்ணீர் கட்டத் தொடங்கிவிட்டார்கள். இனி உப்பு விளைந்து குவியும் காலம். அந்த நேரத்தில் இஞ்சினை இறக்கிவைத்தால் லோடு எல்லாம் வேறு லாரிக்குப் போய்விடும். பெரியப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து வாசலில் நின்றார்.

"ஏலே தம்பி, மதுரைக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். நல்லா ஓடும்போதே தள்ளிவிட்டுருவோம். வியாழக்கிழம வந்து பாக்கச் சொல்லிட்டேன்."

"அது பெரிய கோளாறு இல்லண்ணே. கொஞ்சம் பொறுங்க" என்றார் அய்யா.

"பொறுத்தது போதும்ல. நீ மதுரையில எவன் லாரியிலயாச்சும் டிரைவரா ஏறிக்க. ஒன் கைக்கு வேலையா இல்ல?"

பெரியப்பா அதை உண்மையான பெருமையோடுதான் சொன்னார். தம் தம்பி கைப்பட்டால் எந்த லாரியும் ஓடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்நிய முதலாளியிடம் போய் நின்றால் முதல் நாளே என்ன கண்டுபிடிப்பார்கள் என்பது எங்கள் வீட்டில் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்து அய்யா சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தபடியே, இதுவரை பார்த்ததையெல்லாம் மறுபடி வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர் இல்லை, பெட்ரோல் இல்லை, பிளக் இல்லை. சோக்கை இழுத்து உள்ளே போகும் காற்றைக் குறைத்தால் உதறல் கொஞ்சம் குறைகிறது. அப்படியென்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று அதிகமாகிறது. ஆனால் காற்று எங்கேயிருந்து வரும்? அம்மாவுக்கு இதெல்லாம் எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. குழம்பை ஊற்றிவிட்டு, அவர் முழங்கையைத் தொட்டுக் கேட்டாள்.

"அப்ப அந்த உஸ்ஸுன்னு வர்ற சத்தம் எதனால?"

அய்யா நிமிர்ந்து அவள் வாயையே பார்த்தார். "எந்தச் சத்தம்?"

"காலையில எடுத்ததும் வருமே. உலை கொதிக்கையில மூடி இடுக்குல ஆவி போற மாதிரி. நான் வாசத் தெளிக்கையில தெனமும் கேக்குறேன். வண்டி ஆட்டம் நிக்கவும் அதும் நின்னுரும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை இப்போது என்னால் சொல்ல முடியும். ஒரு மாதமாகத் தினமும் கேட்கிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும், அது லாரிக்காரர் விவகாரம், நமக்கென்ன என்று அம்மா இருந்திருக்கிறாள். அவருக்கு அது கேட்கவே கேட்காது என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் அப்போதுதான்.

"எனக்கு அது விழல" என்றார் அய்யா. பிறகு, "நாளைக்குக் காலையில நீ என்கூட வா" என்றார்.

"மூத்தார் பாத்தாகன்னா?"

கணவரின் அண்ணனை மூத்தார் என்பார்கள். மூத்தார் எதிரே தம்பி பெண்டாட்டி நின்று பேசுவதுகூட இல்லை. லாரியைத் தொடுவது அதைவிடப் பெரிய குற்றம்.

"அவரு எந்திரிச்சு வர்றதுக்குள்ள பாத்துருவோம்" என்றார் அய்யா.

புதன்கிழமை நானும் எழுந்து பின்னாலேயே போனேன். கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. உடைமரங்களுக்குப் பக்கத்தில் லாரி பனியில் நனைந்து நின்றது. அய்யா பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். கைப்பிடியைச் சுற்றியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டு உதற ஆரம்பித்தது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மட்கார்டின் மேல் ஒரு காலை ஊன்றி ஏறி, இஞ்சினுக்குள் தலையைக் குனித்தாள். அவ்வளவு அருகில் அந்த இரும்பு ஆடிக்கொண்டிருந்தும் அவள் பயப்படவில்லை. ஒரு காதைக் காட்டினாள், மறு காதைக் காட்டினாள். பிறகு மெல்லப் பின்பக்கமாக நகர்ந்து போய் ஓர் இடத்தில் விரலை நீட்டினாள்.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலந்த காற்று ஒரு பெரிய குழாய் வழியாக இஞ்சினுக்குள் போகும். அந்தக் குழாயும் இஞ்சினும் சேருகிற இடத்தில், இடைவெளி விழாதபடி நடுவில் ஒரு பேக்கிங் வைத்திருப்பார்கள். அந்தச் சேர்மானத்தின் கடைசி மூலையைத்தான் அம்மாவின் விரல் காட்டியது. அய்யா ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து அவள் கையில் கொடுத்தார். தம் உள்ளங்கையை இஞ்சின்மேல் வைத்துக்கொண்டு தலையசைத்தார். அம்மா ஈரத் துணியை அந்த மூலையில் வைத்து அழுத்தினாள்.

உதறல் நின்றுவிட்டது. லாரி நடுப்பகலில் நிற்பதுபோல நின்றது. அம்மா துணியை எடுத்தாள், மறுபடி ஆடியது. மறுபடி வைத்தாள், நின்றது. சத்தம் நின்றதை அவள் கேட்டாள், நடுக்கம் நின்றதை அவர் கையால் அறிந்தார். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா சிரித்து நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பேக்கிங் அந்த மூலையில் தெறித்துப் போயிருந்தது. அந்த இடுக்கு வழியே வேண்டாத காற்று உள்ளே புகுந்து, பக்கத்திலிருந்த கடைசி இரண்டு பிளக்குகளையும் வேலை செய்யவிடாமல் பண்ணியிருக்கிறது. இரும்பு சூடேறி விரிந்ததும் இடுக்கு தானாக மூடிக்கொள்ளும். அதனால்தான் மதியத்தில் வந்த மெக்கானிக்குக்கு எதுவும் அகப்படவில்லை. பெரியப்பா எழுந்துவருவதற்குள் இஞ்சின் சூடேறிவிட்டதால் அவருக்குக் காட்டவும் வழியில்லை. புதுப் பேக்கிங் வாங்க ராமநாதபுரம்தான் போக வேண்டும். ஆனால் அன்று சாயங்காலமே மதுரைக்காரர் வந்து இறங்கிவிட்டார்.

வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக இருந்தார். பழைய லாரிகளை வாங்கி விற்றுப் பழுத்தவர். பெரியப்பா ஒரு யோசனை வைத்திருந்தார். விடிவதற்கு முன்பே இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால், வந்து பார்க்கிறவர் கண்ணுக்கு லாரி பட்டுப்போல ஓடும். அதை அய்யாவின் காதோடு ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். மதுரைக்காரர் கூடத்தில் இருந்தபடியே சிரித்தார். "அண்ணாச்சி, சூடாக்கி வச்சிராதீக. பச்சையா எடுக்கறதப் பாக்கத்தான் ராத் தங்குறேன்" என்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டின்போது அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள். "இடம் உங்களுக்குத் தெரியும். துணிய நீங்களே வச்சுக் காட்டுங்க. நீங்க கண்டதாவே இருக்கட்டும். நான் அங்கன வர மாட்டேன்."

அய்யா சரி என்று தலையை ஆட்டினார்.

வியாழக்கிழமை காலை மதுரைக்காரர் முதலில் பானெட்டின்மேல் கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்திருக்கும், திருப்தியாகத் தலையசைத்தார். உப்பளத்துக்குப் போகிற ஆட்களும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். நான் வேலி ஓரத்தில் நின்றேன். அம்மா வாசல் கதவை ஒருக்களித்துவைத்து உள்ளே இருந்தாள்.

லாரி வழக்கம்போல உதறியது. மதுரைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். பெரியப்பா வானத்தைப் பார்த்தார். அய்யா ஈரத் துணியை எடுத்து அந்த மூலையில் அழுத்தினார். உதறல் நின்றது. எடுத்தார், வைத்தார். அழுத்தியபடியே, "பேக்கிங் போயிருக்கு. இஞ்சின் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விற்க வந்ததையே மறந்து, கூடியிருந்தவர்களைப் பார்த்து முழங்கினார். "பாத்தீகளா? பட்டாளத்துல கத்துக்கிட்ட வேல. ராமநாதவரத்து மெக்கானிக்குக்கே அம்புடல, என் தம்பி கையில அம்புட்டுருச்சு."

எனக்கும் நெஞ்சு விம்மியது. அது அம்மா கண்டுபிடித்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அய்யாவை ஊரே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு அதுவே போதுமாயிருந்தது. மதுரைக்காரர் மட்டும் அய்யாவின் முன்னால் வந்து நின்று, "நல்ல தொழிலு தம்பி. எதை வச்சுப் புடிச்சீக?" என்று கேட்டார்.

அய்யா இஞ்சினை நிறுத்தினார். திடீரென்று அவ்வளவு அமைதி. கையைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். தலைப்பைத் தோளில் போர்த்தியபடி அவள் மெதுவாக வெளியே வந்து, மூத்தாரைப் பார்க்காமல், லாரிக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள்.

"நான் புடிக்கலங்க" என்றார் அய்யா. "இது உஸ்ஸுன்னு ஒரு சத்தம் போடும். அது எனக்குக் கேக்காது. இவதான் கேட்டா. இடத்தையும் இவதான் காட்டுனா. துணிய வச்சது மட்டும்தான் நானு."

மதுரைக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு காதை விரலால் தொட்டுக் காட்டி, சண்டையிலா என்று கேட்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். அய்யா ஆமாம் என்றார்.

பெரியப்பாவுக்குத்தான் விளங்க நேரமானது. "கேக்காதுன்னா?" என்றார். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஒரு காது முழுசாவே கேக்காதுண்ணே. இன்னொண்ணு கொஞ்சம்."

"ஏன்ல எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா லாரிய என் கையில குடுத்திருப்பீகளா?"

பெரியப்பா லாரியின் இரண்டு கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அகலக் கண்ணாடிகளை அன்றுதான் அவர் முதன்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது. சுற்றி நின்றவர்களில் யாரோ இருமினார்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் மதுரைக்காரர்தான் பேசினார். "அண்ணாச்சி, இந்த வண்டிய நான் வாங்குனா எனக்கு லாபம். அதனால சொல்றேன், விக்காதீக." சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். எங்கள் ஊரில் வெளியூர்ப் பெரிய மனிதர் ஒருவர் பெண்பிள்ளையைப் பார்த்துக் கும்பிட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை. அம்மாவுக்குத் திருப்பிக் கும்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

பெரியப்பா லாரியை விற்கவில்லை. அந்த வாரமே பேக்கிங் மாற்றியானது. தம் மூத்த மகனை லாரியில் கிளீனராக ஏற்றிவிட்டார். இடதுபக்கம் உட்கார்ந்து, ஹாரன் சத்தம் கேட்டால் அய்யாவின் தோளைத் தட்டுவதுதான் அண்ணனுக்கு முக்கியமான வேலை. பெண்டுகள் லாரியைத் தொடக்கூடாது என்ற சட்டத்தை அவர் ரத்துசெய்யவில்லை. ஆனால் லாரியில் ஏதாவது புதுச் சத்தம் வந்தால் எங்கள் வாசலுக்கு வந்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஒங்கம்மாவ வந்து ஒரு நிமிசம் கேக்கச் சொல்லு" என்பார். கேட்பதற்குத் தொட வேண்டியதில்லை அல்லவா.

அந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் அய்யாவுக்குக் காது கேட்காது என்றும், பர்மாவில் பீரங்கி வெடித்தும் அவர் லாரியை விட்டு இறங்கவில்லை என்றும், எங்கள் அம்மா இஞ்சினைக் காதாலேயே பிரித்துப் பார்த்துவிடுவாள் என்றும் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். இதில் இரண்டாவது விஷயம் நானாகச் சேர்த்தது. காது கேட்காத அய்யா வேறு யாருக்கும் இல்லை என்று தெரிந்ததும் எனக்குப் பெருமை இன்னும் கூடியது. வாத்தியார்கூட என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதையும் நான் மரியாதையின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா சந்தோஷமாக இருப்பாள், ஏதாவது பலகாரம்கூடச் செய்திருப்பாள் என்று நினைத்தேன். அவளோ பாத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஓசையெழப் போட்டுக்கொண்டிருந்தாள். அய்யா வந்து தட்டின்முன் உட்கார்ந்தார். அம்மா அவரைத் தொடவும் இல்லை, திரும்பவும் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"யாரு கேட்டா? வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா ஆகாதா? ஊரு முச்சூடும் இனி என்ன பேசும்?"

முதுகைக் காட்டிச் சொன்னதால் அது அய்யாவுக்குப் போய்ச் சேரவில்லை. எனக்குத்தான் கேட்டது. நான் அவர் கையைத் தொட்டு, அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் ஒப்பித்தேன். அம்மா சட்டென்று திரும்பினாள்.

அய்யா அவளைப் பார்த்துச் சொன்னார். "ஒங் காதுல விழுந்தத எங் காதுல விழுந்ததா எப்படிச் சொல்றது? அண்ணே என்னைய மெச்ச மெச்ச எனக்குக் கூசிப்போச்சு."

அம்மா தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள். அடுப்பில் அப்போது தணல் மட்டும்தான் இருந்தது; எனக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை.

எனக்குப் புரியாமல் போனது வேறு. ஜெயித்த நாளில் அம்மா ஏன் கோபமாக இருக்க வேண்டும்? அவளைப் பெரிய மனிதர் ஒருவர் கும்பிட்டிருக்கிறார், பெரியப்பா வாயடைத்துப் போயிருக்கிறார், லாரி கைவிட்டுப் போகவில்லை. இதற்குமேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்? இத்தனை வருஷமாக அவள் தலைக்கனக்காரன் பெண்டாட்டி என்ற பேரைச் சுமந்து காப்பாற்றி வைத்திருந்ததை, அவர் அன்று அவளுக்காகவே ஊருக்கு நடுவில் இறக்கி வைத்துவிட்டார் என்பதெல்லாம் எட்டு ஒன்பது வயதில் எப்படித் தெரியும். அம்மா சோற்றை அள்ளி அள்ளி அய்யாவின் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். போதும் போதும் என்று அவர் கையை மறித்தும் விடவில்லை. ஒருவர்மேல் இவ்வளவு கோபம் இருந்தால் எதற்கு இவ்வளவு சோறு போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நான் அங்கேயே படுத்துத் தூங்கிப்போனேன்.